தட்டுக்காகவே பாடியவை

“தாத்தாவோட ரிக்கார்டு பிளேயரைச் சரி பண்ணி ஓட வச்சுட்டேன் அண்ணா. இளையராஜா எல்பிக்கெல்லாம் வாய் கூசாம விலை சொல்றாங்க. வாங்கலாமா? உங்களுக்குப் பிடிச்ச தட்டு எது, யாரும் சீண்டாமக் கிடக்கிற நல்ல தட்டு எது?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொன்னால் அவருக்குக் காசுதான் நஷ்டமாகும். அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

பழைய தட்டு விற்கிற கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, “படப் பாட்டா சார், சாமிப் பாட்டா?” சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தபோதும் இதே கேள்விதான். 1985 மே மாதம் அது எரிந்துபோய், கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் மாறிய பிறகும் இதே கேள்விதான். படம் ஒரு வரிசை, சாமி ஒரு வரிசை. இரண்டிலும் அடங்காதவை மேசைக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கும். அதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் பெயர் “மத்தது”. நான் உயிராய் வைத்திருக்கும் தட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. மிச்சம், சாமி வரிசையில் யாரும் குனிந்து பார்க்காத மூலையிலிருந்து.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சினிமாப் பாட்டுக்குத் தாய்வீடு தியேட்டர். தட்டு அதன் துணைச் சரக்கு. அதே பாட்டு வானொலியில் வந்தது, கேசட்டில் வந்தது, இப்போது கைப்பேசியில் வருகிறது. ஆனால் சில தட்டுகளுக்குப் பின்னால் படம் இல்லை, காட்சி இல்லை, கதாநாயகன் இல்லை. பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் கிடைத்திருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று ஓர் இசைக்காரர் உட்கார்ந்து யோசித்துச் செய்தது மட்டும்தான் இருக்கிறது. விலையெல்லாம் முதல் வகைக்கு ஏறிக் கிடக்கிறது. இசையில் துணிச்சல் அதிகம் தெரிவது இரண்டாவதில்தான் என்பது என் கட்சி.

எல்பி என்கிற பெரிய தட்டில் சினிமாப் பாட்டை வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டைக்காக வாங்கலாம். பன்னிரண்டு அங்குலச் சதுரத்தில் ஓவியர் கை வைத்த விளம்பர எழுத்தும் முகங்களும் வேறெங்கும் அந்த அளவில் கிடைக்காது. 1978இல் வந்த ‘ப்ரியா’ போன்ற தட்டுகளை வரலாற்றுக்காகவும் வாங்கலாம். தமிழில் ஸ்டீரியோ பதிவின் தொடக்கம் என்று பேசப்படும் படம் அது. ஆனால் ‘ஒரிஜினல் சவுண்டு சார்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளத்துக்கு, பாட்டு பதிந்த பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடும். சுற்று வேகம் மாறுவதில்லை, வட்டம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. லேபிளை நெருங்கும்போது அதே ஒரு நொடிக்கு 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதாவது முதல் பாட்டுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூடக் கடைசிப் பாட்டுக்குக் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் பெண்குரல் ‘ஸ’, ‘ஷ’ சொல்லும் இடமெல்லாம் பொரிகிறது. நாலைந்து பாட்டை ஒரு பக்கத்தில் நெருக்கி அடைத்து, அதில் ஆர்ப்பாட்டமான பாட்டைக் கடைசியில் வைத்துவிட்டால் முடிந்தது கதை. கடையில் போட்டுப் பார்க்கச் சொன்னால் முதல் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள்.

இதற்கு மாற்றாக எச்.எம்.வி. ஒரு காலத்தில் 12 அங்குலத் தட்டையே 45 சுற்று வேகத்தில் வெளியிட்டது. பட்டியல் எண்ணில் ‘45 என்.எல்.பி.’ என்று இருக்கும். பாட்டு குறைவு, பள்ளம் அகலம், சத்தம் கணீரென்று இருக்கும். சினிமாத் தட்டு வாங்கியே ஆக வேண்டும் என்றால் இந்த எண்ணைத் தேடி வாங்குங்கள்.

இனி எனக்குப் பிடித்தவை.

இளையராஜா பெயரைச் சொல்லித்தான் தம்பி ஆரம்பித்தார், நானும் அவரிடமிருந்தே தொடங்குகிறேன், படத்திலிருந்து அல்ல. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கிய தட்டு. பத்துத் துண்டுகள். முன்னால் நின்று வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். இதை ‘ஃப்யூஷன்’ என்று அடுக்கில் செருகிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃப்யூஷன் என்றால் இரண்டு பேர் மேடையில் உட்கார்ந்து ஒருவர் வாசிப்புக்கு மற்றவர் பதில் சொல்வது. இது அப்படி இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டு, எழுதியது எழுதியபடி வாசிக்கப்பட்ட இசை.

‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்ற துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாஹ் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற இசைத்தொகுப்பின் முதல் பகுதி அது. கையெழுத்துப் பிரதியில் 1720 என்று ஆண்டு போட்டிருக்கிறது. மூலத்தில் பக்கவாத்தியமே கிடையாது. ஒரே வயலின், மூச்சு விடாமல் ஓடும் சின்னச் சின்னச் சுரங்கள், நடுவில் நிறுத்தம் இல்லை. இளையராஜா அந்த ஓட்டத்தில் கை வைக்கவில்லை. அதைச் சுற்றி மற்ற வயலின்களுக்குப் புதிதாக ஒரு பேச்சை எழுதியிருக்கிறார். ஊசியை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டால், தெரிந்த பாதையில் ஒருவர் வேகமாக நடந்துகொண்டே இருக்க, இன்னொரு கூட்டம் அவரோடு பேசிக்கொண்டே பக்கத்தில் வருவது தெரியும். பாஹை இப்படிச் சீண்டலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: பாஹே பின்னாளில் இதே பகுதியை எடுத்து ஆர்கனுக்கு மாற்றி, சுற்றிலும் இசைக்குழுவை வைத்துத் தன் 29ஆவது கான்டாட்டா என்ற குழுப்பாட்டுக்கு முன்னிசையாக ஆக்கிக்கொண்டவர்தான். இந்த வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவை வைத்து ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. ஐந்தே துண்டுகள். குழல் அமிர்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் குழல் ராஜா, மற்றவை பரிவாரம். முதல் தட்டில் எல்லாக் குரலுக்கும் சம உரிமை இருந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காமல் முதலாவதை எடுங்கள்.

எம்.எஸ்.விஸ்வநாதன் இந்த வேலையை இளையராஜாவுக்கு வெகு முன்பே செய்திருக்கிறார். அது பலருக்குத் தெரியாது. 1970இல் எச்.எம்.வி. வெளியிட்ட ‘த்ரில்லிங் தீமாட்டிக் ட்யூன்ஸ்’. குரலே இல்லாத வாத்திய இசைத் தட்டு. படத்தில் சண்டைக்கும் ஓட்டத்துக்கும் பின்னணி வாசித்துப் பழகிய கைகளை, வசனம் குறுக்கிடாமல் முழுசாக வாசிக்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பதில். ‘மத்தது’ பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான தட்டு கிடையாது. கடைக்காரருக்கே இதை எங்கே வைப்பது என்று தெரியாது.

அவருடைய இன்னொரு தட்டு சாமி வரிசையில் ஒளிந்திருக்கிறது: ‘கிருஷ்ண கானம்’. பாட்டு கண்ணதாசன். டி.எம்.சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், சுசீலா, எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்று பல குரல்கள். ‘ஆயர்பாடி மாளிகையில்’ எந்தப் படம் என்று என்னிடம் கேட்டவர்கள் ஏராளம். எந்தப் படமும் இல்லை. எஸ்.பி.பி.க்குத் தாலாட்டு, சீர்காழிக்கு ஊரைக் கூட்டும் அழைப்பு, டி.எம்.எஸ்.ஸுக்கு எடுத்த எடுப்பிலேயே உயரே நிற்கும் துவக்கம். எந்தக் குரல் எதற்கு என்பதில் எம்.எஸ்.வி. காட்டியிருக்கும் கணக்கைக் கவனிக்க வேண்டும். கதாநாயகனுக்கு இந்தக் குரல்தான் பொருந்தும் என்ற கட்டாயம் இல்லாதபோது ஓர் இசையமைப்பாளர் குரல்களை எப்படிப் பங்கு பிரிப்பார் என்பது இதில்தான் தெரியும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது என்பீர்கள். தகரக் குழாயில் கேட்டதை மறந்துவிட்டுத் தட்டில் கேட்டுப் பாருங்கள். சுசீலாவின் பாட்டில் பின்னால் நடப்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழும்.

சாமி வரிசை என்றதும் எம்.எஸ்.சுப்புலட்சுமிதான். அவருடைய ‘வேங்கடேச சுப்ரபாதம்’ எல்பி 1963இல் வந்தது. எந்தக் கடையிலும் கிடைக்கும். கிடைப்பதில் முக்கால்வாசி கேட்க லாயக்கில்லை. காரணம் எளியது. தினமும் விடிகாலையில் போட்டிருக்கிறார்கள், வருஷக்கணக்கில் ஒரே ஊசியில் போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்பு பளபளக்காது, சாம்பல் பூத்திருக்கும். கந்த சஷ்டி கவசத்துக்கும் இதே கதி. பக்தி அதிகமான வீட்டுத் தட்டை வாங்காதே என்பது எங்கள் வட்டாரத்துப் பழமொழி.

எம்.எஸ்.ஸின் தட்டுகளில் என் ஓட்டு ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’வுக்கு. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்காக ஐந்து எல்பிகளாக வந்த தொகுப்பு. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, அதுவரை பாடி வந்த உருப்படிகளை மறுபடி ஒப்பிக்காமல், அன்னமாசார்யரின் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் பண்ணிப் பாடியிருக்கிறார். அன்னமாசார்யரின் சாகித்தியம் செப்பேட்டில் கிடைத்ததே தவிர, பாடும் மெட்டு தொடர்ச்சியாக வந்து சேரவில்லை. பல பாடல்களுக்கு மெட்டமைத்தவர் நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி. ரேவதியில் ‘நானாடி பதுகு’ அவர் போட்ட மெட்டு. ஐந்து சுரம் மட்டுமே உள்ள ராகம். அதில் எம்.எஸ். அலங்காரம் எதையும் தொடுவதில்லை. சங்கதியை விரிக்க இடம் கிடைத்தும் விரிக்காமல் சொல்லை மட்டும் நிறுத்தி நிறுத்தி வைக்கிறார். கச்சேரி மேடையில் இப்படிப் பாடினால் கைதட்டல் வராது. தட்டுக்குத்தான் இப்படிப் பாட முடியும். ஐந்தும் ஒரே நேரத்தில் கிடைப்பது அபூர்வம். உதிரியாகக் கிடைத்தாலும் விடாதீர்கள்.

‘மத்தது’ பெட்டியின் சக்கரவர்த்தி என்று நான் சொல்வது வீணை எஸ்.பாலசந்தரை. ‘அந்த நாள்’ படத்தை 1954இல் பாட்டே இல்லாமல் எடுத்தாரே, அவரேதான். பாட்டில்லாப் படம் எடுத்த மனிதர் பிற்காலத்தில் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களையும் வரிசையாக வீணையில் வாசித்து 12 எல்பிகளில் வைத்துவிட்டுப் போனார். 72 மேளங்களும் பன்னிரண்டு சக்கரங்கள், சக்கரத்துக்கு ஆறு ராகம். பன்னிரண்டு தட்டு, தட்டுக்கு ஆறு. பக்கத்துக்கு மூன்று என்றால் ஒரு ராகத்துக்குக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம். பழைய இசை இலக்கணக்காரர் வேங்கடமகி வழி வந்த கணக்கும் 12 அங்குல வினைலும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

முதல் சக்கரத்தைப் போடுங்கள். கனகாங்கி, ரத்னாங்கி, கானமூர்த்தி என்று ஆரம்பத்திலேயே, அடுத்தடுத்த சுரங்கள் மோதிக்கொள்ளும் விவாதி ராகங்கள். கச்சேரியில் இவற்றைத் தொடவே தயங்குவார்கள். தொட்டாலும் ஒரு கீர்த்தனையைப் பாடிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கனகாங்கியில் ஸட்ஜத்தை ஒட்டி இரண்டு சுரங்கள் தோள் இடித்து நிற்கும், பஞ்சமத்துக்கு மேலும் அதே நெருக்கடி. பாலசந்தர் அந்த நெருக்கடியை மழுப்பாமல், வீணையின் ஒரே மெட்டுக்கட்டையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரு மீட்டில் நாலைந்து சுரங்களை வழுக்கிக் கொண்டுவருகிறார். தந்தி இழுபடும்போது ஓசை அடங்கி அடங்கி வரும். அந்த அடங்கலை ஊசி அப்படியே எடுத்துக் கொடுக்கும். நல்ல பிரதி கிடைத்தால் விரல் தந்தியை விடுகிற ஓசைகூடக் கேட்கும். மனிதர் சண்டைக்காரர். புது ராகம் உண்டாக்குவது பற்றியும், சுவாதித் திருநாள் பற்றியும் அவர் கிளப்பிய விவாதங்களில் பாதி மெட்ராஸ் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தது. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் 72ஐயும் உட்கார்ந்து வாசித்திருக்க மாட்டார். சிலவற்றில் ராகத்தின் உருவத்தைவிட அட்டவணையை நிரப்பும் அவசரம் தெரிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுபத்திரண்டும் ஒரே உயரத்தில் இல்லை.

வீணையில் எளிதாக நுழைய வேண்டும் என்றால் சிட்டிபாபு. ‘கலைக்கோயில்’ படத்தில் வீணை அவருடையது. குயில் கூவுவதை வீணையில் வரவழைக்கும் அவருடைய துண்டு பிரபலம். வித்துவான்கள் அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு அதுதான் சரி.

வெளிநாட்டில் அச்சாகி நம்மூருக்குத் தப்பித் தவறி வந்து சேரும் கர்நாடக சங்கீதத் தட்டுகள் தனிச் சுரங்கம். அமெரிக்காவின் நான்ஸச் நிறுவனம் எக்ஸ்ப்ளோரர் என்ற வரிசையில் வெளியிட்ட ராம்நாட் கிருஷ்ணனின் ‘வித்வான்’, ‘கச்சேரி’ இரண்டையும் எங்கே பார்த்தாலும் வாங்கிவிடுங்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். மிருதங்கம் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி.ரங்கநாதன். ராம்நாட் கிருஷ்ணன் 1973இல் மறைந்தார். சக பாடகர்கள் அவரைக் கொண்டாடிய அளவுக்கு ஜனங்கள் கொண்டாடவில்லை. குரல் பெரிதல்ல, சபையை அள்ளும் ரகம் அல்ல. நான்கு அடி தள்ளி மைக் இருக்கும் அறையில் மெதுவாகப் பாடினால் மட்டுமே பிடிபடும் நுணுக்கம் அவருடையது. ஒரு பதிவுக்கூடம் அவருக்குக் கொடுத்த நியாயத்தைச் சபாக்கள் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். அதே பல்கலைக்கழகத்தில் படித்து, இங்கே ‘பாகவதர்’ என்று பெயர் வாங்கிய ஜான் ஹிக்கின்ஸின் தட்டும் அந்தப் பெட்டியில் தட்டுப்படும். வேடிக்கைக்காக அல்லாமல் பாட்டுக்காகவே வாங்கத் தக்கது.

ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி மிருதங்க வித்துவான் ராகவன். 1976இல் வந்த ‘சக்தி’ இசைக்குழுவின் முதல் தட்டில் ஜான் மெக்லாஃப்லின், எல்.சங்கர், ஜாகீர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் இவர்களோடு வாசித்தவர். 1975 ஜூலையில் நியூயார்க் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் பதிவானது. அதன் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே துண்டு, 29 நிமிடம். முன்னால் சொன்ன கணக்கு இங்கே வேறு வடிவத்தில் வருகிறது: ஒரு பக்கத்தில் 29 நிமிடத்தை அடைக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கி, ஆழத்தைக் குறைத்து வெட்ட வேண்டும், அதனால் ஒலி அளவு தாழும். ஒலியை ஏற்றினால் தூசியின் படபடப்பும் சேர்ந்து ஏறும். எனவே இந்தத் தட்டைக் கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்காதீர்கள். எல்லாரும் முதல் தட்டையே தேடுகிறார்கள். லண்டனில் பதிவான அடுத்த தட்டு ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ விலை குறைவு, ஸ்டுடியோச் சுத்தம், விக்குவின் கடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் கேட்கும்.

அரக்குத் தட்டு பற்றித் தம்பி கேட்கவில்லை, ஆனால் தாத்தா வீட்டில் நிச்சயம் இருக்கும். 78 சுற்று, பத்து அங்குலம், பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். டி.என்.ராஜரத்தினம் பிள்ளை கோயிலில் விடிய விடிய வாசித்த தோடியை ஒரு தட்டின் இரண்டு பக்கத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பாதியில் தட்டைத் திருப்ப வேண்டும். சுருக்கம் என்று சொல்ல மாட்டேன், அடர்த்தி. மெதுவாக ஏறிச் சென்று சேரும் இடத்தில் இதில் முதல் மூச்சிலேயே நிற்கிறார். பின்னாளில் எல்பியாகவும் தொகுத்தார்கள். ஆனால் தட்டைத் திருப்பும்போது விழும் அந்த இடைவெளியும் அவர் போட்ட திட்டத்தில் சேர்ந்தது, எல்பியில் அது ஒட்டுப்போட்டுப் போய்விடுகிறது. ஒரு எச்சரிக்கை. எல்பி ஊசியால் இதைத் தொடாதீர்கள். 78இன் பள்ளம் எல்பியைவிடப் பல மடங்கு அகலம். எல்பியின் சன்ன ஊசி அடியில் விழுந்து சகதியைக் கிளறும். 75 மைக்ரான் அளவில் தனி ஊசி வேண்டும். சாராயம் கலந்த திரவத்தால் துடைக்கவும் கூடாது, அரக்கு கரைந்துவிடும். வினைலுக்கு அது பரவாயில்லை, காய்ச்சி வடித்த நீரில் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

கதை வசனத் தட்டுகளை ஏன் யாரும் சேர்ப்பதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத சங்கதி. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’, பின்னால் ‘விதி’. காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் ரேடியோ செட்காரர் இதைப் போட்டால் பந்தலடியில் கூட்டம் உட்கார்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு தட்டுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது நிமிடம் என்று யாரோ நறுக்கியிருக்கிறார்கள். பார்க்காதவனுக்கும் கதை புரிய வேண்டும், தருமியின் புலம்பலில் ஒரு சொல்லும் போகக் கூடாது. அட்டையில் பெயர்கூட வராத அந்த ஆளின் காது எனக்கு எந்த இசையமைப்பாளர் காதுக்கும் குறைந்ததல்ல. மக்கள் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னது படத்தை விட இந்தத் தட்டால்தான் என்றும் எனக்குப் படுகிறது. விலை? சில இடத்தில் அட்டை விலைக்கே தருவார்கள்.

சின்னத் தட்டான இ.பி.யில் நாகூர் ஈ.எம்.ஹனிபாவைத் தேடுங்கள். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடிய அதே தொண்டைதான் தி.மு.க. மேடைக்கும் பாடியது. கடைக்காரர் சாமியில் வைப்பதா, கட்சியில் வைப்பதா என்று விழித்துவிட்டு ‘மத்தது’க்குத் தள்ளிவிடுவார். மைக் இல்லாமலே ஊர் தாண்டும் குரல். இ.பி.யில் அது ஒலிப்பதிவாளரைத் திணறடித்திருப்பது நன்றாகவே கேட்கும், உச்சத்தில் லேசாகப் பிளிறும். எனக்கு அந்தப் பிளிறலும் வேண்டும். இலங்கையிலிருந்து ‘சிலோன்’ மனோகரனின் பொப் பாடல்கள் இன்னொரு பக்கம். ‘சுராங்கனி’ 1977இல் இளையராஜா இசையில் தமிழ்ப் படத்திலும் ஏறிவிட்டது. அதனால் மூலத் தட்டை யாரும் கேட்பதில்லை. இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவின் தாளத்துக்கு ஆடாத கால் எனக்குத் தெரிந்து இல்லை.

‘மத்தது’ எப்போதும் மலிவாகவே கிடக்கும் என்று எண்ண வேண்டாம். பம்பாயில் சினிமா வாத்தியக்காரராக இருந்த சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்து ஒரு எல்பி போட்டார். விற்கவில்லை. சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்று ஒரு பாணி பிறப்பதற்குச் சில வருடம் முன்பே, அதே ரோலண்ட் மின்னிசைப் பெட்டிகளில் அதே ஓசையை இவர் எழுப்பியிருக்கிறார் என்பதை ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். 2010இல் மறுபதிப்பு வந்தது, கிழவனார் எழுபதைத் தொட்டபின் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். பழைய பிரதியின் விலையைக் கேட்டால் இப்போது தலை சுற்றும். அந்தச் சேகரிப்பாளர்கள் இன்னும் தமிழ்ப் பெட்டியைக் கவிழ்த்து முடிக்கவில்லை.

தம்பிக்குச் சொல்ல வேண்டிய காரிய விஷயங்கள் சில. தாத்தாவின் பிளேயர் பெட்டி வகையாக இருந்தால், அதன் கை ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும். நல்ல டர்ன்டேபிளில் ஒன்றரை, இரண்டு கிராம்தான். நல்ல தட்டை அதில் ஓட்டாதீர்கள், வசனத் தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வாங்கப் போகும்போது டார்ச் கொண்டு போங்கள். குழல் விளக்கில் எல்லாத் தட்டும் அழகுதான். நகம் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் கேட்காது, நகம் தட்டினால் ‘டக் டக்’ என்று அடிக்கும். வெள்ளைப் புள்ளியாய்ப் பூஞ்சை இருந்தால் பயப்பட வேண்டாம், நம் ஊர்க் காற்றுக்கு அது சகஜம், கழுவினால் போகும். சாம்பல் பூத்தது போகாது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாய்த் தேய்ந்திருந்தால் அந்த வீட்டில் அதிகம் ஓடிய தட்டு என்று அர்த்தம். தட்டை இருட்டில் தடவித் தடவிச் சொருகியவர்கள் போட்ட கோடு அது. படுக்க வைத்து அடுக்காதீர்கள்.

வாங்கும் வரிசையும் கேட்டால் இப்படிச் சொல்வேன்: முதலில் ‘கிருஷ்ண கானம்’, மலிவு, தேடினால் சுத்தமான பிரதி கிடைக்கும். அப்புறம் பஞ்சரத்னமாலாவில் எது கைக்கு வருகிறதோ அது. ‘ஹவ் டு நேம் இட்’டுக்கு மட்டும் பேரம் பேசாமல் கொடுக்கலாம். பாலசந்தரின் பன்னிரண்டில் ஒன்றே ஒன்று தனியாக வந்தால் எந்தச் சக்கரம் என்று பார்க்காமல் எடுங்கள். இளையராஜா சினிமா எல்பிக்குச் சொன்ன விலையில் பாதியைச் சொல்லிவிட்டுப் படியிறங்குங்கள், பெரும்பாலும் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள்.